ஓராண்டு மட்டும் ஆடிய அணியும் தேதியில்லாக் கொடிகளும்

அமெரிக்கத் திரைப்படங்களில் பள்ளி மாணவன் ஒருவனின் அறையைக் காட்டினால், சுவரில் நீண்ட முக்கோணக் கொடி ஒன்று குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி மறுபக்கம் கூர்முனையில் முடியும். பென்னன்ட் என்று அதற்குப் பெயர். பேஸ்பால் மைதானங்களில் பல தலைமுறைகளாக விற்றுவரும் நினைவுப்பொருள் அது. ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணி, அதன் மேல் அணியின் பெயர், ஊர், மட்டை சுழற்றும் வீரனின் படம் அல்லது அணியின் சின்னம், அகலப் பக்கத்தில் வேறு நிறத்தில் தைத்த ஒரு பட்டை, பட்டையோரம் தொங்கும் ஃபெல்ட் குஞ்சங்கள். முழு அளவுக் கொடி சுமார் 30 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் இருக்கும். ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது, சில ஆண்டுகள் சுவரில் தொங்கியது, பிறகு பரணுக்குப் போனது, இப்போது பேரன் எடுத்து ஏலத்துக்கு அனுப்புகிறான்.

ஏலத்தில் எழும் முதல் கேள்வி, இது எந்த ஆண்டுக் கொடி என்பதுதான். கொடியில் எல்லாம் இருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது. சாம்பியன் பட்டம், உலகத் தொடர் என்று விசேஷமாக அச்சிட்டவற்றில் ஆண்டு உண்டு. மற்றவற்றில் அதைப் போடுவது வியாபாரிக்கு நஷ்டம். இந்தப் பருவத்தில் விற்காமல் தங்கியதை அடுத்த பருவத்தில் விற்க வேண்டுமே! தயாரித்த கம்பெனியின் பெயரும் பெரும்பாலானவற்றில் இல்லை. இப்படி ஊரும் பேரும் தெரியாத ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு, இது ஏறத்தாழ இந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது என்று தேர்ந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் போகும் வழி தொல்லியலாளர்கள் போகும் வழியேதான். காலக்கணிப்பைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பேஸ்பாலில் எந்த வீரர் எந்த நாள் எந்த அணிக்கு ஆடினார் என்பதெல்லாம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் ஓர் ஊகம் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க முடிகிறது. புதைகுழியில் கிடைத்த பானைக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் இரண்டு எல்லைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் எந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்கவே முடியாதோ, அதை முந்தா எல்லை என்போம். எந்த ஆண்டுக்குப் பின்னால் செய்யப்பட்டிருக்க முடியாதோ, அது பிந்தா எல்லை. இரண்டையும் சம பலமுள்ளவை என்று நினைத்துவிடக் கூடாது. முந்தா எல்லை பாறை. 1969-இல் புழக்கத்துக்கு வந்த ஒரு சின்னம் கொடியில் இருந்தால், அந்தக் கொடி 1950-இல் செய்ததாக இருக்க வழியே இல்லை. பிந்தா எல்லை மணல். ஒரு பெயரோ சின்னமோ வழக்கொழிந்த பிறகும் பழைய சரக்கு விற்கும், பழைய அச்சு ஓடும், ஏக்கத்துக்காக மறுபதிப்பும் வரும். கொடிகளுக்குச் சொல்லப்படும் தவறான ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை மறந்ததால் வருவது.

எளிதான ஆதாரம் பெயர். அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் தனியார் சொத்து. உரிமையாளர் நினைத்தால் அணியையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் முதல்தரமான மேஜர் லீக்கில் 1903 முதல் 1952 வரை அப்படி ஒருவரும் செய்யவில்லை. ஐம்பது பருவங்கள், அதே 16 அணிகள், அதே ஊர்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் எல்லாம் கலைந்தது. பாஸ்டன் பிரேவ்ஸ் அணி 1953-இல் மில்வாக்கிக்குப் போய், 1966-இல் அங்கிருந்து அட்லாண்டாவுக்குப் போனது. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் 1954-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆனது. ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் 1955-இல் கான்சாஸ் சிட்டிக்கும், 1968-இல் ஓக்லாண்டுக்கும் பெயர்ந்தது. 1958-இல் நியூயார்க்கின் இரண்டு அணிகள், புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும், கண்டத்தின் மறுகரையிலிருக்கும் கலிஃபோர்னியாவுக்கே போய்விட்டன. ஆக, 'மில்வாக்கி பிரேவ்ஸ்' என்றிருக்கும் கொடி, மறுபதிப்பாக இல்லாத வரை, 1953-க்கும் 1965-க்கும் நடுவே வரும். 'ஹூஸ்டன் கோல்ட் 45ஸ்' என்றால் 1962 முதல் 1964 வரை. அடுத்த ஆண்டே அந்த அணி ஆஸ்ட்ரோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய காலத்திலும் சில அரிய பெயர்கள் உண்டு. பாஸ்டன் பிரேவ்ஸ் அணி 1936 முதல் 1940 வரை தன்னை 'பீஸ்' என்று அழைத்துக்கொண்டது. கம்யூனிஸ்ட் பீதி அமெரிக்காவைப் பிடித்தாட்டிய 1950-களில், சின்சினாட்டி ரெட்ஸ் சில பருவங்கள் 'ரெட்லெக்ஸ்' ஆனது.

பெயருக்கு அடுத்தது படம். கிளீவ்லாண்ட் அணிக்கு 1947-இல் ஒரு செவ்விந்தியக் கேலி முகம் சின்னமாக வந்தது; மஞ்சள் தோல், நீண்ட மூக்கு. 1951-இல் அது திருத்தப்பட்டுச் சிவப்பு முகமானது. பூர்வகுடி மக்களின் நெடிய எதிர்ப்புக்குப் பிறகு 2019 பருவத்திலிருந்து சீருடையில் அந்த முகம் இல்லை. 2022 பருவத்திலிருந்து அணியின் பெயரே கார்டியன்ஸ். அந்த முகம் வரைந்தவிதம் இழிவானது. ஆனாலும் காலம் கணிப்பவருக்கு மூக்கின் நீளம் ஒரு சான்று, அதைப் பார்க்காமல் விட முடியாது. மட்டையேந்திய வெள்ளை நிழலுருவம், ஒருபுறம் நீலம், மறுபுறம் சிவப்பு என்று இன்று உலகமே அறிந்த மேஜர் லீக் சின்னம் 1968-இல் வரையப்பட்டு 1969-இல் புழக்கத்துக்கு வந்தது. பதிவுபெற்ற வணிகக் குறியைக் காட்டும், வட்டத்துக்குள் எழுத்திட்ட சிறிய அடையாளத்துக்கு அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடிப்படை. இவை கொடியில் இருந்தால் முந்தா எல்லை உடனே கிடைத்துவிடும். இல்லாவிட்டால்? ஒன்றுமே நிரூபணமாகாது. உரிமம் வாங்காமல் அச்சிட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 'குறி இல்லை, ஆகவே பழையது' என்ற வாதத்தை எங்கு கேட்டாலும் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

இரண்டு எல்லைகளும் நெருங்கி வந்து ஒரே ஆண்டில் முட்டுவது வீரர்களின் பெயர்ப்பட்டியல் அச்சிட்ட கொடிகளில்தான். நியூயார்க் யாங்கீஸ் கொடி ஒன்றில் ஜோ டிமாஜியோவும் மிக்கி மேன்டிலும் சேர்ந்து இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேன்டில் முதன்முதலாக ஆடியது 1951-இல். டிமாஜியோ கடைசியாக ஆடியதும் 1951-இல். இருவரும் ஒரே அணியில் நின்ற ஒரே பருவம் அது. பட்டியலில் பேப் ரூத்தும் இருந்தால் கதை வேறு. ரூத் 1934-உடன் யாங்கீஸை விட்டுப் போனவர், டிமாஜியோ வந்ததோ 1936-இல். மூவரும் ஒன்றாக இருக்கும் கொடி எந்த ஒரு பருவத்துக்கும் உரியதில்லை. பழைய நாயகர்களைக் கொண்டாடப் பின்னாளில் செய்தது. பட்டியலில் இருபது பேர் இருந்தால் இருபது வரவும் இருபது போக்கும் கிடைக்கும். கடைசியாக வந்தவரின் ஆண்டு முந்தா எல்லை, முதலில் போனவரின் ஆண்டு பிந்தா எல்லை. நட்சத்திர வீரர்களைவிட, பாதிப் பருவம் ஆடிவிட்டுக் காணாமல்போன எடுபிடி வீரரின் பெயர்தான் இங்கே அதிகம் உதவும்.

இதுவரை சொன்னதெல்லாம் கொடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது. யார் வேண்டுமானாலும் இன்று உட்கார்ந்து 'புரூக்ளின் டாட்ஜர்ஸ்' என்று அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். சட்டப்படி உரிமம் வாங்கிய மறுபதிப்புகளே ஏராளம். ஆகவே எழுத்தை நம்புவதற்கு முன்னால் துணியை விசாரிக்க வேண்டும்.

ஃபெல்ட் நெய்த துணி அன்று. கம்பளி மயிரை நுண்ணோக்கியில் பார்த்தால், மேற்பரப்பு முழுக்கச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே திசை நோக்கிப் படிந்திருக்கும். ஈரமும் சூடும் கொடுத்துப் பிசைந்தால், மயிர் ஒவ்வொன்றும் தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும். திரும்பி வரச் செதில்கள் விடா. நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும். தறியும் இல்லாமல், பசையும் இல்லாமல் துணி பிறப்பது இப்படித்தான். அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளுக்குச் செதில் இல்லை, கண்ணாடிக் கம்பிபோல் வழவழப்பு. அவற்றை ஃபெல்ட் ஆக்க, முள்ளுள்ள ஊசிகளால் ஆயிரக்கணக்கான முறை குத்திக் கோத்துவிட வேண்டும். எனவே ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்தாலே கம்பளியா செயற்கையா என்று தெரிந்துவிடும். நுண்ணோக்கி இல்லாதவர்கள், உதிர்ந்த ஓரிழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்தால் தானே அணையும், தலைமயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

இதிலிருந்து ஆண்டு எப்படி வருகிறது? அந்த இழைகளுக்குப் பிறந்த தேதி உண்டு. பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். கடைக்கு வந்தது 1950-களில். டூபான்ட் கம்பெனி ஆர்லான் என்ற பெயரில் அக்ரிலிக் இழையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் 1950-ஐ ஒட்டித்தான். எனவே முப்பதுகளின் கொடி என்று சொல்லி விற்கப்படுவது அக்ரிலிக் ஃபெல்ட்டில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. தையல் நூலையும் விடக்கூடாது. ஃபெல்ட் பழைய கம்பளியாகவே இருக்கும், பட்டையைத் தைத்த நூல் பாலியெஸ்டராக இருக்கும். அப்போது ஊசித்துளைகளைப் பார்க்க வேண்டும். நூல் ஓடாத பழைய துளைகள் பக்கத்தில் தெரிந்தால், யாரோ பின்னாளில் பழுது பார்த்துத் தைத்திருக்கிறார்கள், கொடி பழையதாகவே இருக்கலாம். துளைகள் ஒரே வரிசை, நூல் அவற்றுக்குள் மட்டும் ஓடுகிறது என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அடுத்த சோதனை இருட்டில். கடைகளில் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கப் பயன்படும் புறஊதா விளக்கே போதும். 1929-இல் பவுல் கிரைஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து எடுத்த எஸ்குலின் என்ற பொருளில் துணியை நனைத்தால், துணி முன்பைவிட வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை விழுங்கி, அதை நீல ஒளியாக வெளியே விட்டது. பழுப்பின் மஞ்சளோடு அந்த நீலம் சேர, கண் அதை வெண்மை என்று எடுத்துக்கொண்டது. இதே வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள்கள் 1940-களில் சலவைத்தூளுக்குள்ளும், 1950 வாக்கில் காகிதத்துக்குள்ளும், பிறகு துணிகளுக்குள்ளும் நுழைந்தன. ஒளிவெண்மையூட்டிகள் என்று அவற்றைச் சொல்லலாம். அதனால்தான் வெள்ளைச் சட்டை ஊதா விளக்கின் கீழ் அப்படிப் பளீரிடுகிறது. 1920-களின் கொடி என்று சொல்லப்படும் ஒன்றின் வெள்ளை எழுத்தோ, நூலோ அப்படிப் பளிச்சென்று நீலமாக எரிந்தால் அது பிற்காலத்தது.

இங்கேயும் அவசரம் கூடாது. கம்பளிக்கு இயல்பாகவே ஒரு மங்கலான ஒளிர்வு உண்டு. அதைப் பளீரிடுதலாக எடுத்துக்கொள்ளாமலிருக்க, பழையதென்று ஐயமின்றித் தெரிந்த ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். யாரோ ஒரு வீட்டம்மா 1975-இல் கொடியைச் சலவைத்தூளில் முக்கி எடுத்திருந்தால், நாற்பது ஆண்டுப் பழைய கம்பளியும் ஒளிரும். சலவையால் வந்த ஒளிர்வு கொடி முழுக்கப் பரவியிருக்கும். நூல் மட்டுமோ எழுத்து மட்டுமோ தனித்து ஒளிர்ந்தால் அது பிறவியிலேயே இருந்தது. ஒளிராதது கண்டிப்பாகப் பழையது என்றும் ஆகாது. இன்றும் வெண்மையூட்டி இல்லாத ஃபெல்ட் கிடைக்கிறது, வாங்கத் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள்.

கம்பளியின் வயதையே அளந்துவிடும் சோதனை ஒன்று இருக்கிறது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14-இன் அளவு ஏறிக்கொண்டே போனது. 1963-ஐ ஒட்டி வட அரைக்கோளத்தில் அது இயல்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கைத் தொட்டது. அந்த ஆண்டு திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்த பிறகு, கடலும் காடும் உறிஞ்ச உறிஞ்ச மெல்லக் குறைந்தது. புல் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது, ஆடு புல்லைத் தின்கிறது, ரோமம் அந்தப் பருவத்திலேயே வளர்கிறது. ஆகவே கம்பளியில் இருக்கும் அளவு, ஆடு மேய்ந்த ஆண்டின் காற்றைக் காட்டிவிடும். அணுகுண்டுக் கார்பன் அறவே இல்லையென்றால் ரோமம் 1950-களின் நடுப்பகுதிக்கு முந்தையது. இருந்தால், ஏறுமுகத்தில் ஓர் ஆண்டும் இறங்குமுகத்தில் ஓர் ஆண்டும் என இரண்டு விடைகள் வரும். எது சரி என்பதைக் கொடியின் மற்ற சான்றுகள் சொல்ல வேண்டும். வெனிஸ் நகரின் பெகி குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருந்த, ஃபெர்னான் லெஜே வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியத்தின் கித்தான் 1959-க்குப் பிந்தையது என்பதை 2014-இல் இப்படித்தான் நிறுவினார்கள். லெஜே 1955-இலேயே இறந்துவிட்டார். பாலியெஸ்டர் கொடியை இந்தச் சோதனைக்கு அனுப்பினால் அதில் கார்பன்-14 அறவே இராது. அந்த இழை பெட்ரோலியத்திலிருந்து வந்தது, பெட்ரோலியத்தின் கார்பன் பல கோடி ஆண்டுப் பழையது. சில நூறு டாலர் கொடிக்கு இத்தனை செலவு செய்வோர் அரிது என்றாலும், வாதம் முற்றினால் தீர்ப்புச் சொல்ல இப்படி ஒரு வழி இருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் துணியின் வயதைத்தான் சொல்லும், அச்சின் வயதைச் சொல்லா. பழைய வெற்று ஃபெல்ட்டை வாங்கி அதன் மேல் நேற்று அச்சிட்டால் என்ன செய்வது? இந்த இடத்தில் கண்தான் கருவி. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றும் பொறுமையும் வேண்டும்.

குஞ்சத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த விரற்கடை இடத்தில் கொடியின் பிறந்த நிறம் இருக்க வேண்டும், சுற்றியிருக்கும் பகுதி அதைவிட வெளுத்திருக்க வேண்டும். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழமையாக்கிய கொடியில் குஞ்சத்துக்கு அடியிலும் அதே பழுப்பு இருக்கும். மூலைகளைப் பாருங்கள். இரும்புக் குத்தூசி பல ஆண்டுகள் இருந்த துளையைச் சுற்றித் துரு மோதிரமாகப் படிந்து, பின்பக்கம் வரை ஊறியிருக்கும். பிறகு பூச்சி அரித்த ஓட்டைகள். துணிப்பூச்சியின் புழு கம்பளியின் கெராட்டின் புரதத்தைத் தின்று செரிக்க வல்லது, செயற்கை இழையில் அதற்கு உணவில்லை. ஓட்டை ஓர் எழுத்தின் நடுவே விழுந்திருக்கிறது என்று வையுங்கள். அச்சான பிறகு புழு தின்றிருந்தால் ஓட்டையின் உட்சுவரில் மை இருக்காது. வெட்டியெடுத்ததுபோல் வெறும் கம்பளி தெரியும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த பழைய துணியில் அச்சிட்டிருந்தால், மை அந்த உட்சுவரில் வழிந்து உறைந்திருக்கும். எது முதலில் நடந்தது, எது அடுத்து என்ற வரிசையை ஒரு பூச்சி நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான்.

அச்சும் பேசும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கொடிகளில் எழுத்துகளையே ஃபெல்ட்டில் வெட்டித் தைத்தார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் முறைக்கு 1907-இல் இங்கிலாந்தில் சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அதைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்ட தொழில்களில் கொடி வியாபாரமும் ஒன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம், அதனால் நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளியோ மேற்படிதலோ இருக்கும். மை தடித்து மேலே உட்கார்ந்து, துணி மடங்கும் வாக்கில் வெடித்திருக்கும். லென்ஸில் அப்படியில்லாமல் நான்கு நிறப் பொட்டுகள் தெளித்ததுபோல் தெரிந்தால், அது கணினி அச்சு.

இனிமேல்தான் கடினமான பகுதி. துணி பழையது, அச்சும் பழையது, எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. ஆனால் கொடியில் இருப்பது 'டெட்ராய்ட் டைகர்ஸ்' என்ற இரண்டே சொற்கள், ஒரு புலித்தலை. டெட்ராய்ட் அணி 1901 முதல் அதே ஊரில், அதே பெயரில் இருக்கிறது. ஊர் மாறவில்லை, பட்டியல் இல்லை, தேதி சொல்ல ஒன்றுமே இல்லை. சிகாகோ கப்ஸ், நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் எல்லாருக்கும் இதே நிலைதான். இவர்களுக்குக் காலம் சொல்லப்போவது, மறந்துபோன ஒரு தோற்ற அணி.

1969-இல் சியாட்டில் பைலட்ஸ் என்று ஓர் அணி புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு பருவம் ஆடியது, கடைசி இடத்தில் முடித்தது, பணமில்லாமல் திவாலானது. 1970 பருவம் தொடங்க ஒரு வாரமே இருந்தபோது நீதிமன்றம் விற்பனைக்கு அனுமதி தர, அணி மில்வாக்கிக்குப் போய் புரூவர்ஸ் ஆனது. புதுச் சீருடை தைக்க நேரமில்லை. சியாட்டில் சட்டைகளிலிருந்த பெயரைப் பிரித்தெடுத்துவிட்டு அதன் மேலேயே புதுப் பெயரைத் தைத்துக்கொண்டு ஆடினார்கள். நம் ஐபிஎல் பார்ப்பவர்கள் 2011-இல் வந்து அந்த ஒரு பருவத்தோடு மறைந்த கொச்சி டஸ்கர்ஸ் அணியை நினைத்துக்கொள்ளலாம். அந்த அணியின் கொடி கையில் கிடைத்தால் ஆண்டைக் கேட்கவே வேண்டாம். அதைவிட முக்கியமானது அடுத்த படி. அதே கடைக்காரர் அதே அச்சில், அதே துணியில், அதே தையலில் சென்னைக்கும் மும்பைக்கும் கொடி போட்டிருந்தால், அவையும் 2011-ஐ ஒட்டியவை என்று ஆகிவிடுகிறது.

கொடி தயாரித்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஓவியனுக்கு ஒருமுறைதான் கூலி. மட்டை சுழற்றும் வீரன், சறுக்கிக்கொண்டு தளத்தைத் தொடும் வீரன், மைதானத்தின் பறவைப் பார்வை என்று பொதுப் படம் ஒன்றை வரைந்து வாங்கி, ஊர்ப்பெயரையும் நிறத்தையும் மட்டும் மாற்றி எல்லா அணிகளுக்கும் அச்சிட்டார்கள். பைலட்ஸ் கொடியிலும் டைகர்ஸ் கொடியிலும் ஒரே வீரன் ஒரே மடிப்போடு சறுக்கினால், எழுத்துரு ஒன்றே என்றால், பட்டையின் அகலமும் குஞ்சத்தைப் பட்டைக்குள் செருகிய விதமும் தையலின் இடைவெளியும் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே காலத்தில் பிறந்தவை. புவியியலில் பாறையடுக்கின் வயதைச் சொல்வதும் இதே ஏற்பாடுதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் வாழ்ந்த உயிரினம் காலம் சொல்ல உதவாது. குறுகிய காலம் வாழ்ந்து, பல இடங்களிலும் பரவி, அழிந்துபோனதுதான் உதவும். அதை வழிகாட்டிப் புதைபடிவம் என்கிறார்கள். பைலட்ஸ், கோல்ட் 45ஸ், கான்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ், 1961 முதல் 1971 வரை மட்டும் இருந்த இரண்டாவது வாஷிங்டன் செனட்டர்ஸ் எல்லாம் கொடி உலகின் வழிகாட்டிப் புதைபடிவங்கள். புகழின் உச்சியில் இருந்த யாங்கீஸின் கொடிகளுக்குக் காலம் சொல்வது இவைதான்.

காலவரிசையில் அறைந்த ஆணிகள்போல் நிற்கும் இந்த அணிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நிரப்ப இன்னொரு முறை வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி. எகிப்தில் மன்னர்களுக்கு முந்தைய காலத்துக் கல்லறைகளை 1890-களில் தோண்டியவர். எழுத்து இல்லை, நாணயம் இல்லை, பானைகள் மட்டும் ஆயிரக்கணக்கில். ஏறத்தாழ 900 கல்லறைகளுக்குக் கல்லறைக்கு ஒரு சீட்டாக எழுதி, எந்தெந்தப் பானை வகைகள் சேர்ந்தே வருகின்றனவோ அவை பக்கத்தில் பக்கத்தில் வருமாறு சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். ஒரு வகைப் பானையில், தூக்குவதற்கென்று அலையலையாகப் பிதுங்கிய பிடி இருந்தது. அது படிப்படியாகச் சுருங்கி, கடைசியில் பானையைச் சுற்றி ஓடும் வெறும் அலங்காரக் கோடாகிவிட்டது. வரிசை சரியாக விழுந்ததற்கு அந்தப் பிடியே சாட்சி. ஆண்டுகள் தெரியாமலேயே முன்பின் தெரிந்துவிட்டது. இதைத் தொடர்வரிசைக் கணிப்பு என்று சொல்லலாம்.

கொடிகளைச் சேகரிப்பவர்கள் நூற்றுக்கணக்கான படங்களைக் குவித்துவைத்துச் செய்வதும் இதையே. குஞ்சம் எத்தனை, பட்டை எவ்வளவு அகலம், நூல் என்ன நிறம், எழுத்து நேராக நிற்கிறதா வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறதா. ஒரு பட்டறையின் பழக்கங்கள் ஒரே நாளில் மாறுவதில்லை, ஒவ்வொன்றாக மாறுகின்றன. பழைய படமும் புதிய குஞ்சமுமாக ஒரு கொடி கிடைத்தால், அது இரண்டு கட்டங்களுக்கு நடுவே வந்து உட்காரும். பீட்ரிக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. வரிசையில் ஆங்காங்கே பைலட்ஸும் கோல்ட் 45ஸும் வந்து, இந்த இடம் 1969, இந்த இடம் 1962-64 என்று ஆண்டை அறைந்துவிடுகின்றன. இரண்டு ஆணிக்கு நடுவே விழும் டைகர்ஸ் கொடி, 1965-68 என்று தானாகவே அமைந்துவிடும்.

இந்தக் கட்டடத்தில் ஒரு பலவீனமான கல் உண்டு. எல்லாம் பைலட்ஸ் கொடியைச் சார்ந்து நின்றால், அந்தப் பைலட்ஸ் கொடி உண்மையானதாக இருக்க வேண்டும். அபூர்வமானது என்பதாலேயே அதற்குப் போலிகளும் மறுபதிப்புகளும் வருகின்றன. போலியை ஆணியாக அடித்தால் அதன்மேல் தொங்கும் அத்தனையும் சாயும். அதனால்தான் துணியையும் நூலையும் ஒளிர்வையும் பற்றி முதலில் இவ்வளவு சொல்ல வேண்டியிருந்தது. ஆணிகளைத் தனியாக, படத்தின் உதவியில்லாமல் சோதித்தாக வேண்டும். 'இந்தப் படம் 1969-ஆம் ஆண்டுப் பாணி, ஆகவே இந்தக் கொடி அசல்; இந்தக் கொடி அசல், ஆகவே இந்தப் படம் 1969' என்று வட்டமடிப்பது வாதமாகாது. பைலட்ஸ் என்ற பெயரின் வீச்சும் ஒரு பருவத்தைவிடச் சற்றுப் பெரியது. அணி ஆடத் தொடங்கும் முன்பே, 1968-லேயே பெயர் வெளியாகிவிட்டது. 1970 மார்ச் இறுதி வரை அந்தப் பெயரில் சரக்கு செய்ய எல்லாக் காரணமும் இருந்தது.

அச்சிட்ட ஆண்டே ஏமாற்றும் சந்தர்ப்பமும் உண்டு. லீக் சாம்பியனை முடிவு செய்த மறுநாளே கொடி கடையில் இருக்க வேண்டும் என்பதால், வெல்லும்போல் தெரியும் அணிக்கு முன்கூட்டியே அச்சிட்டு வைப்பார்கள். 1964-இல் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி 12 ஆட்டங்களே மீதமிருக்க ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. உலகத் தொடருக்கு டிக்கெட்டும் அச்சாகிவிட்டது. அடுத்த பத்து ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றார்கள். பட்டம் செயின்ட் லூயிஸுக்குப் போனது. இப்படி நடக்காத வெற்றிக்காகச் செய்யப்பட்டவற்றைச் சேகரிப்பாளர்கள் பேய்ப் பொருள்கள் என்கிறார்கள். அவற்றின் ஆண்டு சரி, அவை சொல்லும் செய்திதான் நடக்கவில்லை. ஐயாயிரம் ஆண்டு கழித்து ஒரு தொல்லியலாளர் கையில் அப்படி ஒன்று மட்டும் சிக்கினால், வரலாறு ஒரு சாம்பியனைக் கூடுதலாகப் பெற்றுவிடும்.

நல்ல கணிப்பாளர் சொல்லும் விடை எப்போதும் ஒரு வீச்சாகவே இருக்கும். '1967' என்று ஒற்றை எண்ணைச் சொல்லி விலை ஏற்றுகிறவரைவிட, '1962-க்கு முந்தாது, பெரும்பாலும் 1969-க்குப் பிந்தாது' என்று சொல்லி, ஒவ்வொரு எல்லைக்கும் காரணம் காட்டுகிறவரையே நம்பலாம். அதிலும் முதல் எல்லையை உறுதியாகவும் இரண்டாவதைத் தயக்கத்தோடும் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட கொடி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், அதைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். அறுந்து தொங்குகிறதே என்று குஞ்சத்தை வெட்டிவிடாதீர்கள், பிரிந்த பட்டையைப் புது நூலால் தைக்காதீர்கள். முன்பக்கத்தைப் படம் எடுத்த பிறகு, யாரும் எடுக்காத பின்பக்கத்தையும், பட்டையின் தையலையும், மூலைத் துளைகளையும், ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.